98-உம் 2-உம்: கலிஃபோர்னியாவில் ஆற்றுத் தங்கம் தேடுவோர் தோற்ற வழக்கு

கலிஃபோர்னியாவின் வடகோடியில், கிளாமத் ஆற்றங்கரையில் ஹேப்பி கேம்ப் என்று ஓர் ஊர். மக்கள்தொகை சுமார் ஆயிரம். கரூக் பழங்குடியினரின் தலைமை அலுவலகம் இங்கேதான் இருக்கிறது. ஆற்றடியில் தங்கம் தேடுபவர்களின் 'நியூ ஃபார்ட்டி நைனர்ஸ்' சங்கத்துக்கும் இதே ஊர்தான் தலைமையிடம். ஒரு தரப்புக்குக் கிளாமத் என்றால் சால்மன் மீன். மறு தரப்புக்கு அது 1872-இல் எழுதப்பட்ட சுரங்கச் சட்டம் தந்த உரிமை. 2005 முதல் பதினைந்து ஆண்டுகளுக்கு நீதிமன்றங்களிலும் சட்டமன்றத்திலும் நடந்த சண்டையை ஊர் அளவுக்குச் சுருக்கினால் இவ்வளவுதான்.

பெரிய சுரங்க நிறுவனங்கள் எதுவும் இந்தக் கதையில் இல்லை. ஓய்வு பெற்றவர்கள், கோடை விடுமுறைக்கு வந்தவர்கள், வேறு வேலை கிடைக்காத உள்ளூர்க்காரர்கள் என்று ஆளுக்கொரு சிறு இயந்திரத்தோடு ஆற்றில் இறங்கியவர்களின் கதை இது. அதனாலேயே யார் பக்கம் நிற்பது என்பது அவ்வளவு எளிதாக இல்லை.

இயந்திரம் என்ன செய்கிறது

மிதவை ஒன்றின் மேல் பெட்ரோல் இன்ஜினும் பம்பும். அதிலிருந்து தண்ணீருக்குள் போகும் தடித்த குழாய். அதன் வாய் 2 அங்குலம் முதல் 8 அங்குலம் வரை இருக்கும், பெரும்பாலும் 4. முக்குளிக்கும் ஆள் அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு ஆற்றடியில் கிடந்தபடி கூழாங்கல், மணல், சேறு எல்லாவற்றையும் உறிஞ்சவிடுகிறார். உறிஞ்சியது மேலே வந்து, குறுக்குப் பட்டைகள் அடித்த சாய்வான தொட்டியில் ஓடுகிறது. கனமான தங்கம் பட்டைகளுக்கு அடியில் தங்கிவிடும். மற்றதெல்லாம் தொட்டியின் மறுமுனை வழியாகத் திரும்ப ஆற்றுக்கே போய்விடும். இதற்குப் பெயர் உறிஞ்சு டிரெட்ஜிங்.

தட்டில் மணலை அள்ளி அலசிக்கொண்டிருப்பவர் ஒரு நாள் முழுக்கப் பார்க்கும் மண்ணை இது கொஞ்ச நேரத்தில் பார்த்துவிடும். அதைவிட முக்கியமானது, இது ஆற்றின் அடிப்பாறை வரை போகும். தங்கம் கனம் என்பதால் காலப்போக்கில் கீழே கீழே இறங்கி, பாறை இடுக்குகளில்தான் போய்ச் சேர்ந்திருக்கும். பழகியவர்கள் மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு நேராக அந்த இடுக்குகளைத்தான் தேடிப் போவார்கள். இந்த ஒரு விவரம் பின்னால் முழு வழக்கையும் திருப்பப் போகிறது.

கலிஃபோர்னியாவில் இதற்குப் பர்மிட் வாங்க வேண்டும் என்ற விதி 1961 முதல் உண்டு. 1980-இல் தங்கம் அவுன்ஸ் 850 டாலர் வரை ஏறியபோது அந்த ஒரே ஆண்டில் 12,000-க்கும் மேற்பட்ட பர்மிட்டுகள் போயின. 2000-களில் அது ஆண்டுக்கு மூவாயிரம் சொச்சமாகக் குறைந்திருந்தது. உள்மாநிலத்தவர்களுக்குக் கட்டணம் சுமார் 50 டாலர்.

தாத்தா காலத்துப் பாதரசம்

1848 ஜனவரியில் அமெரிக்கன் ஆற்றின் தென்கிளையில், கொலோமா என்ற இடத்தில் தங்கம் கண்டெடுக்கப்பட்டது. ஐந்தே ஆண்டுகளில் மலைச்சரிவுகள் மீது பீரங்கி போல நீரைப் பீய்ச்சி, மண்ணைக் கரைத்து, தங்கத்தைப் பிரிக்கும் முறை வந்துவிட்டது. ஓடும் சேற்றில் பொடித் தங்கத்தைப் பிடிக்கப் பாதரசத்தைக் கொட்டினார்கள். தங்கமும் பாதரசமும் ஒட்டிக்கொள்ளும். பிறகு சூடாக்கினால் பாதரசம் ஆவியாகிப் போய்விடும், தங்கம் நிற்கும். கொட்டியதில் கணிசமான பங்கு நழுவி ஆற்றோடு போனது. அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் மதிப்பீட்டில், கலிஃபோர்னியாவில் ஆற்றுமண் தங்கம் எடுத்ததில் மட்டும் சுமார் 1 கோடி பவுண்டு, அதாவது ஏறத்தாழ 4,500 டன் பாதரசம் சுற்றுச்சூழலில் கலந்தது.

பாதரசமும் கனம்தான். அதுவும் கீழே கீழே இறங்கி அதே பாறை இடுக்குகளில்தான் போய் உட்கார்ந்தது. இன்றைய ஆள் தங்கத்தைத் தேடிக் குழாயை நீட்டும் இடமும், அன்றைய ஆள் தவறவிட்ட பாதரசம் கிடக்கும் இடமும் ஒன்றே.

கலிஃபோர்னிய நீர்வள வாரியத்தின் ஆய்வாளர்கள் அமெரிக்கன் ஆற்றின் தென்கிளையில், பாதரசம் தேங்கியிருந்த ஓரிடத்தில் டிரெட்ஜ் ஒன்றை ஓட்டிப் பார்த்தார்கள். அறிக்கை 2005-இல் வந்தது. உறிஞ்சப்பட்ட பாதரசத்தில் சுமார் 98 சதவீதத்தை இயந்திரம் பிடித்துவைத்திருந்தது. தங்கம் தேடுவோருக்கு அந்த எண் வேதவாக்கானது. 'அரசே செய்த சோதனை இது. ஆற்றைச் சுத்தம் செய்வதே நாங்கள்தான். எங்களைத் தடுத்தால் இந்த விஷத்தை வேறு யார் எடுப்பார்கள்?' என்று கேட்டார்கள். வெறும் பேச்சும் அல்ல. 2000-ஆம் ஆண்டில் அரசு முகமைகள் கலிஃபோர்னியாவின் நெவாடா கவுண்டி (மாவட்டம்) பக்கம் பாதரசச் சேகரிப்பு நடத்தியபோது, தங்கம் தேடுவோரும் வேறு சிலரும் கொண்டுவந்து ஒப்படைத்தது 200 பவுண்டுக்கும் மேல்.

அதே அறிக்கையின் அடுத்த வரியைச் சுற்றுச்சூழல் தரப்பு எடுத்துக்கொண்டது. பிடிபடாத 2 சதவீதம் எங்கே போனது? தொட்டியின் வால்பக்கம் வழியாக ஆற்றுக்குத் திரும்பிய வண்டலில் போனது. அந்த வண்டலில் பாதரசத்தின் அடர்த்தி கிலோவுக்கு 240 மில்லிகிராம். 20 மில்லிகிராம் இருந்தாலே கலிஃபோர்னியச் சட்டப்படி அது அபாயக் கழிவு. குழாயும் பம்பும் கலக்கிய கலக்கலில் பாதரசம் மாவு போலப் பொடியாகியிருந்தது. உருண்டு திரண்டு கிடக்கும் பாதரசம் பெரும்பாலும் கிடந்த இடத்தில் கிடக்கும். பொடியானதோ மிதந்து போகும். கீழே அணைத்தேக்கத்திலோ சதுப்பிலோ போய்ப் படியும். அங்கே நுண்ணுயிர்கள் அதை மீதைல் பாதரசமாக மாற்றும். அது புழு, சிறு மீன், பெரிய மீன், மனிதன் என்று ஏறிக்கொண்டே போகும். எவ்வளவு எடுத்தோம் என்பதைவிட, எந்த வடிவில் விட்டோம் என்பதுதான் இங்கே கேள்வி.

2011-இல் புவியியல் ஆய்வு மையம் தெற்கு யூபா ஆற்றில் செய்த ஆய்வும் ஏறக்குறைய இதே இடத்துக்குத்தான் வந்தது. அடிப்பாறையை ஒட்டி இறுகிக் கிடக்கும் அடுக்கில், மிக நுண்ணிய துகள்களில்தான் பாதரசம் அதிகம். தொட்டியின் பட்டைகளால் பிடிக்க முடியாத அளவு நுண்மை.

இதற்குத் தங்கம் தேடுவோரிடம் ஒரு நல்ல பதில் இருந்தது. எதிர்த்தரப்பு சொல்வது போல அது அபத்தமானதல்ல. ஒரு குளிர்கால வெள்ளம் புரட்டும் மண்ணோடு ஒப்பிட்டால் எங்கள் அத்தனை இயந்திரங்களும் புரட்டுவது ஒன்றுமே இல்லை என்றார்கள். அளவில் அது சரி. ஆனால் வெள்ளம் குளிர்காலத்தில், ஏராளமான நீரோடு வருகிறது. டிரெட்ஜ் ஓடுவது கோடையில், நீர் குறைந்திருக்கும்போது. சாதாரண வெள்ளம் தொடாத இறுகிய அடுக்கைத்தான் டிரெட்ஜ் தேடிப் போய்த் தொடுகிறது.

மீன்

பாதரசம் முக்கியமாக சியரா நெவாடா மலைப் பகுதியின் பிரச்சினை. கிளாமத்தில் பேச்சு மீனைப் பற்றியது. அங்குள்ள கோஹோ சால்மன் 1997-இல் அழிவை எதிர்நோக்கும் இனங்களின் ஃபெடரல் (மத்திய அரசுப்) பட்டியலில் ஏறியது. உள்ளே குஞ்சின் கண் இன்னும் தோன்றாத பருவத்து டிரௌட் மீன் முட்டைகளை டிரெட்ஜ் வழியாக விட்டுப் பார்த்த பழைய சோதனையில் அத்தனையும் செத்தன. முட்டைப் பருவத்தில் டிரெட்ஜ் ஓட்டக் கூடாது என்று ஏற்கெனவே விதி இருந்ததால் அது பாதிக் கவலைதான். டிரெட்ஜ் கொட்டிவைத்த கூழாங்கல் குவியல் இன்னொரு சிக்கல். புதுசாய், தளர்வாய், பார்ப்பதற்கு முட்டையிட ஏற்ற இடம் போல இருக்கும். இலையுதிர்காலத்தில் வரும் சால்மன் ஏமாந்து அதில் கூடு தோண்டும். முதல் பெருக்கிலேயே குவியல் அடித்துக்கொண்டு போகும், முட்டையும் கூடவே. இது 1999-இல் வெளியான ஆய்வில் பதிவானது. சேற்றுக்குள் பல ஆண்டுகள் புதைந்து வாழும் லாம்ப்ரே (விலாங்கு போன்ற மீன்) குஞ்சுகளுக்குத் தப்பிக்க எந்தக் காலமும் இல்லை.

தங்கம் தேடுவோர் 2002-ஐச் சுட்டிக்காட்டினார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் கீழ் கிளாமத்தில் 30,000-க்கும் மேற்பட்ட சால்மன்கள் செத்து மிதந்தன. காரணம் குறைந்த நீர், சூடேறிய நீர், அதில் பரவிய நோய். டிரெட்ஜுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெரிய அணைகளையும் பாசனத்தையும் விட்டுவிட்டு, ஆளுக்கொரு குழாய் வைத்திருப்பவன் கழுத்தைப் பிடிப்பானேன் என்ற கேள்வியில் நியாயம் இருந்தது. இளைத்தவன் தலையில்தான் விடியும் என்பது அவர்கள் அனுபவம். ஆனால் நீதிமன்றத்தில் 'அவன் அதிகம் செய்தான்' என்பது 'நான் செய்யவில்லை' என்பதற்குச் சமமாகாது. தவிர, கரூக் மக்கள் அணைகளையும் விடவில்லை. அவர்களும் அண்டைப் பழங்குடியினரும் இருபது ஆண்டுக்கு மேல் போராடி, 2023-24-இல் கிளாமத்தின் நான்கு அணைகள் இடிக்கப்பட்டன.

தடை வந்த விதம்

பலரும் சரியாகக் கவனிக்காத பகுதி இது. தங்கம் தேடுவோரின் வாதத்தில் எனக்கு மிகவும் வலுவாகப் படுவதும் இதுதான்.

2005-இல் கரூக் பழங்குடியினர் மாநில மீன்வளத் துறை மீது வழக்குத் தொடுத்தார்கள். 1994-இல் செய்த சுற்றுச்சூழல் மதிப்பீட்டை வைத்துக்கொண்டே பர்மிட் கொடுக்கிறார்கள், அதற்குப் பிறகு கோஹோ பட்டியலில் ஏறிவிட்டதே என்பது வாதம். புது மதிப்பீடு செய்வதாகத் துறை ஒப்புக்கொண்டது. சொன்ன காலத்துக்குள் செய்யவில்லை. 2007-இல் சட்டமன்றம் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது ஆளுநர் ஷ்வார்ஸ்நெக்கர் வீட்டோ செய்தார். 2009 ஜூலையில் நீதிமன்றம் புதிய பர்மிட்டுகளை நிறுத்தியது. அடுத்த மாதமே, அதே ஷ்வார்ஸ்நெக்கர் மாநிலம் முழுதும் உடனடி இடைக்காலத் தடைக்குக் கையெழுத்திட்டார். கோடைப் பருவத்தின் நடுவில், பர்மிட் வாங்கி ஆற்றில் இறங்கியிருந்தவர்கள் கரையேற வேண்டியதாயிற்று. துறைமுகம், நீர்வழங்கல், வெள்ளத்தடுப்பு வேலைகளுக்கு அதே உறிஞ்சு இயந்திரம் தொடரலாம் என்று விலக்கு இருந்ததும் அவர்கள் கண்ணில் உறுத்தியது.

'இடைக்காலம்' எப்போது முடியும்? மதிப்பீடு முடிந்து புது விதிகள் வந்ததும் என்று முதலில் சொன்னார்கள். 2011-இல் வந்த சட்டம் இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்தது: புது விதிகள், கண்டறியப்பட்ட எல்லா முக்கியப் பாதிப்புகளையும் முழுமையாகத் தணிக்க வேண்டும்; திட்டத்தின் முழுச் செலவையும் ஈடுகட்டும் கட்டணமும் வேண்டும். அந்தச் சட்டம் இடைக்காலத்துக்கு வைத்திருந்த முடிவுத் தேதியையே 2012-இல் எடுத்துவிட்டார்கள். அந்த 2012 மார்ச்சில் துறை உண்மையிலேயே புது விதிகளை வெளியிட்டது. ஆண்டுக்கு 1,500 பர்மிட், 4 அங்குலக் குழாய், ஆற்றுக்கு ஆறு வேறு பருவம் என்று கறாரான விதிகள்தான். ஆனால் மதிப்பீடு, சில பாதிப்புகள் தவிர்க்க முடியாதவை என்றது. பாதரசம் கிளம்புவது, இரைச்சல், பழங்குடியினரின் தொன்மை இடங்கள் சிதைவது போன்றவற்றை முழுமையாகத் தடுக்கும் சட்ட அதிகாரம் மீன்வளத் துறைக்கு இல்லை. ஆக, எந்தத் துறை எதைச் செய்தால் தடை நீங்கும் என்று சட்டம் சொன்னதோ, அதைச் செய்யும் அதிகாரம் அந்தத் துறைக்கு இல்லை.

நேராகத் தடை என்று எழுதியிருந்தால் அதை எதிர்த்து நேராக வாதிட்டிருக்கலாம். பெயர் இடைக்காலம், நடப்பு நிரந்தரம். கதவைச் சாத்தவில்லை, சாவியைத்தான் கிணற்றில் போட்டார்கள்.

மறுபக்கமும் சும்மா இருக்கவில்லை. 2012 விதிகளின்படி குழாய், இன்ஜின் பம்பு, தொட்டி மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அது டிரெட்ஜ். உடனே சிலர் தொட்டியைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு, மீதியை வைத்து உறிஞ்சினார்கள்; இது டிரெட்ஜே இல்லை என்றார்கள். 2013-இல் துறை அவசர விதி போட்டு வரையறையை விரித்தது. 2015 சட்டம் அதை உறுதிப்படுத்தி, நீர்வள வாரியத்தின் அனுமதியும் முதலில் வேண்டும் என்று இன்னொரு பூட்டையும் போட்டது.

1872

2012 ஜூனில் ப்ளூமாஸ் தேசிய வனத்தில், தன் பெயரில் பதிவான சுரங்க உரிமை நிலத்தில் பர்மிட் இல்லாமல் டிரெட்ஜ் ஓட்டியதாக ஒருவர் மீது குற்றம் சாட்டப்பட்டது. அவர் மறுக்கவில்லை. பர்மிட் வாங்கச் சொல்லும் மாநிலம் பர்மிட்டே கொடுப்பதில்லை, ஆகவே இது தடைதான். ஃபெடரல் நிலத்தில் ஃபெடரல் சட்டம் தந்த உரிமையை மாநிலம் தடுக்க முடியாது என்றார். 'மக்கள் எதிர் ரைன்ஹார்ட்' என்று பெயர் பெற்ற வழக்கு இது.

1872 சுரங்கச் சட்டம் யுலிஸஸ் கிராண்ட் குடியரசுத் தலைவராக இருந்தபோது வந்தது. முதுகெலும்பு மாறாமல் இன்றும் நடப்பில் இருக்கிறது. ஃபெடரல் நிலத்தில் உள்ள மதிப்புமிக்க கனிமங்கள் 'தேடுவதற்குத் தடையின்றித் திறந்திருக்கும்' என்கிறது. கண்டுபிடித்தவர் நான்கு மூலையில் கல் நட்டுப் பதிவுசெய்துகொள்ளலாம், ராயல்டி கிடையாது. தங்கம் தேடுவோர் இந்தச் சட்டத்தைப் பேசும்போது அவர்கள் குரலில் ஒரு பட்டாதாரரின் உறுதி இருக்கும்.

விசாரணை நீதிமன்றம் அவர் வாதத்தைக் கேட்க மறுத்துக் குற்றவாளி என்றது. 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டியது: பர்மிட் முறை சுரங்க வேலையை நடைமுறையில் சாத்தியமற்றதாக்கியதா என்று ஆதாரம் கேட்டு முடிவுசெய்யுங்கள் என்றது. 2015 ஜனவரியில் சான் பெர்னார்டினோ நீதிமன்றமும், தொடர்புடைய வேறு வழக்குகளில், மாநிலத்தின் ஏற்பாடு ஃபெடரல் சட்டத்தோடு மோதுகிறது என்று தீர்ப்பளித்தது. அந்த ஓராண்டுதான் தங்கம் தேடுவோர் ஜெயித்துக்கொண்டிருந்த காலம்.

2016 ஆகஸ்ட் 22 அன்று கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் ஒருமனதாக எல்லாவற்றையும் திருப்பியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கேத்ரின் வெர்டெகர். 1872-இல் நாடாளுமன்றம் நிலத்தின் சொந்தக்காரராகப் பேசியது என்பது அதன் மையம். என் நிலத்தில் தேடலாம், அத்துமீறல் என்று துரத்த மாட்டேன், கிடைத்தது உனக்கே என்று சொல்லியிருக்கிறது. அந்தந்த மாநிலத்தின் விதிகளிலிருந்தும் உன்னை விடுவிக்கிறேன் என்று எங்கும் சொல்லவில்லை. சுரங்கம் லாபமாக நடக்கும் என்று உறுதி தரவும் இல்லை. குறிப்பிட்ட ஒரு முறை மற்ற வளங்களைக் கெடுக்கிறது என்று மாநிலம் கருதினால் அந்த முறையைக் கட்டுப்படுத்தலாம். ஃபெடரல் நிலத்துச் சுரங்கத்துக்கும் மாநிலம் பர்மிட் கேட்கலாம் என்று 1987-இல் கிரானைட் ராக் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று கண்ட முடிவு இதற்குத் துணை நின்றது. 2018 ஜனவரியில் அந்த நீதிமன்றம் ரைன்ஹார்ட் வழக்கை எடுக்க மறுத்தது.

தீர்ப்பு சட்டப்படி சரியென்றே நினைக்கிறேன். ஆனால் சாவியைக் கிணற்றில் போட்டது பற்றிய கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை. பதில் தேவையில்லை என்றது: மாநிலம் முழுதாகத் தடுக்கவே அதிகாரம் உண்டு என்றால், சுற்றிவளைத்துத் தடுத்ததைக் குறை சொல்ல இடமில்லை. தடையில் இருந்த அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவர்கள் தோற்றது, ஓட்டை இல்லாததால் அல்ல.

1872-ஐ நம்பியவர்கள் 1884-ஐயும் படித்திருக்கலாம். மலையைக் கரைத்த நீர்ப்பீரங்கிக் கம்பெனிகளின் சேறு கீழே ஆற்றை மேடாக்கி மேரிஸ்வில் பக்கத்து வயல்களையும் வீடுகளையும் மூழ்கடித்தபோது, விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். சுரங்கச் சட்டம் எங்களுக்கு அனுமதி தந்திருக்கிறது என்ற வாதம் அன்றும் வைக்கப்பட்டது. நீதிபதி லாரன்ஸ் சாயர் அதை ஏற்காமல், கழிவை ஆற்றில் விடத் தடை விதித்தார். அன்று தோற்றவை கோடீசுவரக் கம்பெனிகள்.

மற்ற இடங்களில்

ஒரேகன் இதைவிடத் தெளிவாகச் செய்தது. 2013-இல் சட்டம், 2016 முதல் தற்காலிகத் தடை, 2017-இல் சால்மன் வாழிடங்களில் நிரந்தரத் தடை. தங்கம் தேடுவோர் ஃபெடரல் நீதிமன்றம் போனார்கள். 2018-இல் மேற்கு மாநிலங்களுக்கான ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் (ஒன்பதாவது சர்க்யூட்) மாநிலத்தின் பக்கமே நின்றது. 2019-இல் ஒரேகன் உச்ச நீதிமன்றம் இன்னொரு வாதத்தையும் மூடியது. ஆற்றின் மண்ணை ஆற்றிலேயே விடுவது எப்படி மாசு 'சேர்ப்பது' ஆகும் என்று கேட்டிருந்தார்கள். கேட்கும்போது சரியாகத்தான் படுகிறது. கிடந்ததைக் கிளப்பி, நீரில் கலந்து விடுவது சேர்ப்பதே என்றது நீதிமன்றம். 2020-இல் வாஷிங்டன் மாநிலமும் முக்கிய சால்மன் வாழிடங்களில் தடுத்தது. ஐடஹோவில் சில ஆறுகளில், கெடுபிடியான பர்மிட்டோடு, இயந்திரங்கள் ஓடுகின்றன.

கலிஃபோர்னியாவில் 2009-க்குப் பிறகு பர்மிட் கொடுக்கப்படவில்லை. தட்டும் கையால் அலசும் தொட்டியும் தடைக்குள் வரவில்லை. கிளாமத்திலும் யூபாவிலும் கோடையில் முழங்கால் நீரில் குனிந்து நிற்பவர்களைப் பார்க்கலாம். அவர்கள் கை எட்டுவது மேல்மண் வரைதான். அடிப்பாறை இடுக்கில் தங்கமும் பாதரசமும் சேர்ந்தே கிடக்கின்றன. அதை எடுக்கிற செலவைத் தன் கணக்கில் எழுத மாநிலமும் முன்வரவில்லை.